சூடப்பாறையில் கை வைத்த ஒச்சம்மாள்

கொடுவரை மலைக்குப் போகும் அரிசி மூட்டையெல்லாம் ஒச்சம்மாள் தலையில்தான் ஏறும். ஆயிரத்து இருநூறு படி. அன்னதானக் கூடத்தில் சுமையை இறக்குவார். வேலவர் சந்நிதிக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போடுவார். அப்புறம்தான் அவருடைய பூசை தொடங்கும். இறங்கும் வழியில் படியின் இரு பக்கமும் பத்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி, காய்ந்த புல்லை அறுத்து, வெறும் மண் தெரியச் செய்வார். காடு பற்றினால் தீ படியைத் தாண்டக் கூடாது. தை பிறந்தால் தினமும் இதே வேலை. யாரும் கூலி தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

"என்ன ஒச்சு, மலைக்கே வகிடு எடுக்குறியா?" என்று சிரிப்பார்கள்.

"எடுக்கலேன்னா மலை மொட்டையாயிரும்ணே!"

பாதி வழியில் சூடப்பாறை. அங்கே பக்தர்கள் கட்டி கட்டியாய்ச் சூடம் ஏற்றுவார்கள். ஏற்றியதை அணைப்பது பாவம். தானாகத்தான் அடங்க வேண்டும். காற்று அதைப் புல்லுக்குள் உருட்டினாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பார்களே தவிர, ஒருவர் கையும் நீளாது.

தைக் கிருத்திகையன்று அப்படித்தான் ஒரு கட்டி உருண்டது. நாற்பது பேர் பார்த்தார்கள். ஒச்சம்மாள் ஈரச் சாக்கால் ஓங்கி அடித்து அணைத்தார். அதோடு விட்டாரா? பாறைமேல் எரிந்ததையும் அணைத்தார்.

தர்மகர்த்தா போத்திராசு பாய்ந்து வந்தார். "சாமிக்கு ஏத்துனத அணைச்சவ இனி இந்த மலையில காலை வைக்கக் கூடாது!"

"வைப்பேன்யா. சாமி வீட்டுக்குக் கொள்ளி வைக்கிறதுதான் பக்தின்னா, அந்தப் பக்தி எனக்கு வேணாம்."

சுமை போயிற்று. சோறும் போயிற்று. அடிவாரத்தில் காவல் நின்றது. ஒச்சம்மாள் ஆட்டுத்தடத்தில் ஏறினார், அரிவாள் ஓயவில்லை. சூடப்பாறையை ஒட்டிய முப்பதடிப் புல்லை மட்டும் தொட முடியவில்லை. தொட்ட அன்று காவலாட்கள் இரண்டு பேர் தடியால் அடித்தார்கள். இடது தோள் வீங்கிப் போயிற்று. அது அடித்தவர்களுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். மறுநாள் அந்த முப்பதடியை விட்டு, மற்ற இடங்களில் வலது கையால் மட்டும் அறுத்தார்.

பங்குனி உத்திரம். உச்சி வேளை. கோயிலில் முந்நூறு பேர். சூடப்பாறையில் குப்பென்று காற்று. அவ்வளவுதான், புல் பற்றிக்கொண்டது!

கீழ்த்திசைச் சரிவு முழுக்க நெருப்பு ஓடியது. படியோரம் வந்ததும் வெறும் மண்ணைக் கண்டு படுத்தது. ஒரே ஓர் ஓட்டை. அறுக்க விடாத அந்த முப்பதடி. அங்கே தாண்டினால் இறங்க வழியில்லை.

அந்த ஓட்டையில் ஒச்சம்மாள் நின்றார். ஒரு கையில் சாக்கு. புருவம் கருகிவிட்டது. மேலே பார்த்துக் கத்தினார்.

"என்னய்யா வேடிக்கை பாக்குறீக? தழைய ஒடிச்சுட்டு இறங்குங்க! பாவமெல்லாம் எனக்கே வரட்டும், வந்து அடிங்க!"

முதலில் இருவர், பிறகு இருபது பேர். கடைசியில் காவலாட்களும் வந்தார்கள். அரை மணி நேரப் போராட்டம். முந்நூறு பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.

அப்போது வயதான பூசாரிக்கு அருள் வந்தது. உடல் நடுங்க, தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு போத்திராசுவைப் பார்த்து உறுமினார்.

"ரெண்டு மாசமா என்னை என் மலையில ஏற விடாம மறிச்சவன் நீதானடா? என் தோளுல அடிச்சது எவன்டா?"

காவலாட்கள் இருவரும் நிலைகுலைந்து விழுந்தார்கள். பூசாரி, தர்மகர்த்தாவுக்கென்று வைத்திருந்த பரிவட்டத்தை எடுத்து ஒச்சம்மாளின் கரி படிந்த தலையில் கட்டினார். போத்திராசு அவர் காலில் விழுந்தார்.

ஒச்சம்மாள் இரண்டடி பின்வாங்கினார். "எந்திரிங்கய்யா. அந்தா, பாறையோரம் ஒரு கட்டை இன்னும் புகையுது. போயித் தண்ணி கொண்டாங்க."

போத்திராசு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சாமிக்காகச் சாமியின் ஆட்களையே எதிர்த்து நின்ற அந்த அம்மையாரின் அடி பணிகிறோம்.