எந்த நிலம்னு சொல்லாத மாடத்தி

ஏழு ஊரு தாண்டி, ஆத்துக்குத் தெக்கே ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் இல்ல, புள்ளை இல்ல. நிலம் விக்கிறவங்களையும் வாங்குறவங்களையும் சேத்து வைக்கிற தரகு வேலை அவளுக்கு. பொம்பளை தரகு பாப்பாளான்னு கேக்காதே, பாத்தா. நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. ஒரு நல்ல நிலத்துல நமக்குன்னு ஒரு பங்கு கெடைச்சா உக்காந்துரலாம்னு நெனைப்பா. வேற ஆசையெல்லாம் நடந்த வழியிலயே எங்கயோ விழுந்து போச்சு.

ஒரு நாள் ஆத்தோரத்துல ஒரு தென்னந்தோப்பு வெலைக்கு வந்துச்சு. அவகிட்ட பணம் ஏது? தாண்டவராயன்னு ஒருத்தர், நாலு செக்கு வச்சு எண்ணெய் ஆட்டுறவர், பெரிய கை. அவர்கிட்ட போனா. போயி, "அண்ணாச்சி, நீங்க பணத்தைப் போடுங்க, நான் கூட நின்னு பாத்துக்கிடுதேன், எட்டுல ஒரு பங்கு எனக்குக் குடுங்க"ன்னா.

"எந்தத் தோப்பு? யாரு தோப்பு? என்ன வெலை?"ன்னாரு அவரு.

இவ எல்லாத்தையும் சொல்லிட்டா. "யோசிக்கேன் தாயி, அடுத்த வாரம் வா"ன்னாரு. இவ தெருமுனை திரும்பலை, அவரு ஆளு குதிரையில போயி தோப்பை வெலை பேசி முடிச்சுட்டான். அடுத்த வாரம் போயி கேட்டா, "தோப்பு என்ன உன் மடியிலயா இருந்துச்சு? ஊரே பாக்கிற எடம்தானே"ன்னு சிரிச்சாரு. இவ திரும்பி நடந்தா.

அப்புறம் என்னாச்சு, நல்லகண்ணுன்னு ஒரு சம்சாரி கூப்பிட்டு விட்டாரு. கொளத்தடியில அவருக்கு நல்ல வயக்காடு. "மாடத்தி, வீட்டுக்காரிக்கு மார்ல கட்டி. பெரிய வைத்தியர்கிட்ட கொண்டு போகணும். வயலை வித்துத்தான் ஆகணும். ஆனா எனக்கு அவசரம்னு வெளிய தெரிஞ்சா வெலையை அடிச்சுப்புடுவாங்க. உன்கிட்ட மட்டும்தான் சொல்லுதேன்"ன்னாரு.

இந்தத் தடவை மாடத்தி தாண்டவராயன் வீட்டுப் பக்கமே போகலை. அடுத்த ஊரு வெல்ல யாவாரிகிட்ட போனா. சட்டுன்னு முடியணுமேன்னு, எடத்தைச் சொன்னா, ஆளைச் சொன்னா, வீட்டுக்காரி சீக்கையும் சொன்னா. அந்த யாவாரி கெட்டவரு இல்ல. சந்தையில வெத்தலை போடும்போது பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னாரு, அவன் வண்டிக்காரன்கிட்ட சொன்னான், வண்டிக்காரன் தாண்டவராயன் செக்குக்கு எள்ளு எறக்கும்போது சொன்னான். முடிஞ்சுதா?

மறுநாளே தாண்டவராயன் நல்லகண்ணு வாசல்ல நிக்காரு. "உன் அவசரம் எனக்குத் தெரியும். பாதி வெலை. இல்லேன்னா நான் போறேன்." அந்த மனுஷன் என்ன செய்வாரு? குடுத்துட்டாரு. பாதிப் பணத்துக்குப் பாதி வைத்தியம். ஆடி மாசம் அந்தம்மா போயிட்டா.

துக்கத்துக்குப் போனா மாடத்தி. நல்லகண்ணு ஏசலை, அடிக்கலை. "உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்"ன்னாரு. அம்புட்டுதான்.

மூணு நாள் அவ அடுப்பு பத்த வைக்கலை. அப்புறம் எந்திரிச்சு நடந்தா, வேற என்ன தெரியும் அவளுக்கு? ம் கொட்டு, எனக்கும் கண்ணு சொருகுது, நீ ம் கொட்டினாத்தான் நான் சொல்லுவேன்.

வழியில ஒரு தண்ணிப் பந்தல். அங்க ஆவுடைன்னு ஒருத்தி காலை நீட்டி உக்காந்திருந்தா. அவளும் தரகுதான், கல்யாணத் தரகு. ரெண்டு பேரும் கால் வலியைப் பத்திப் பேசினாங்க. மாடத்தி தன் கதையைச் சொல்லி அழுதா.

ஆவுடை கேட்டா, "ஏன்டி, எடுத்த எடுப்புல வீட்டையா காட்டுவ? நான் பொண்ணுக்கு வயசு சொல்லுவேன், நட்சத்திரம் சொல்லுவேன், கூடப் பொறந்தது எத்தனைன்னு சொல்லுவேன். எந்த ஊரு, யாரு வீடுன்னு சொல்லமாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் நாலு பேருக்கு முன்னால, 'உன்னை விட்டுட்டு நேராப் பொண்ணு வீட்டுக்குப் போகமாட்டேன், வெளிய பேசமாட்டேன்'னு வாக்குக் குடுக்கணும். அப்புறம்தான் கூட்டிட்டுப் போவேன்."

"கோவிச்சுக்கிட மாட்டாங்களா?"

"கோவிச்சுக்கிடுறவன் எதுக்குக் கோவிச்சுக்கிடுறான்னு யோசி."

மாடத்தி ஒரு செம்பு தண்ணியைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அந்த வருசமே ஐயம்பெருமாள்னு ஒருத்தர் மகன்கூடப் போயி இருக்கணும்னு ஒரு புஞ்சைக் காட்டை விக்க வந்தாரு. பாக்கிறதுக்குக் கல்லும் முள்ளும். ஆனா ரெண்டு ஆள் ஆழத்துல நல்ல தண்ணி. அது அவருக்கும் மாடத்திக்கும் மட்டும்தான் தெரியும். ஞாயமான வெலை சொன்னாரு.

மாடத்தி பணம் போட ஆள் தேடினா. "இம்புட்டு நிலம், இம்புட்டு ஆழத்துல தண்ணி, இம்புட்டு வெலை. எங்கேன்னு சொல்லமாட்டேன், யாருதுன்னு சொல்லமாட்டேன், அவங்க ஏன் விக்காங்கன்னு கேக்கவே கூடாது. வேணும்னா ஊர்க் கணக்கர் முன்னால ஓலையில எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெளிய சொல்லமாட்டேன், உன்னை விட்டுட்டுப் போயி வாங்கமாட்டேன்னு." தறி வச்சிருந்த ஒரு அம்மா கையெழுத்துப் போட்டா. மாட்டு யாவாரி ஒருத்தர் போட்டாரு.

தாண்டவராயனுக்குச் சேதி போச்சு. தண்ணி இருக்கிற காடாமே! கூப்பிட்டு விட்டாரு. "நானும் சேந்துக்கிடுதேன். எந்த எடம்?"

"ஓலையில கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

"நானா? என்னை நம்பமாட்டியா?"

"போடுங்க அண்ணாச்சி."

"என் வாக்குப் போதாதா?"

"போடுங்க அண்ணாச்சி."

போடலை. அவ எந்திரிச்சு வந்துட்டா. அவரு என்ன செஞ்சாரு, அவ பின்னாலயே ஒரு ஆளை விட்டாரு. "அவ எங்க நிக்கா, எங்க உக்காருதா, பாத்துட்டு வா."

அவ எங்கயெல்லாமோ போனா. நாலு ஊரு வேலை இருந்துச்சு அவளுக்கு. மத்தியான வெயில்ல ஒண்ணும் வெளையாத ஒரு பொட்டக்காட்டுல கால் ஓஞ்சு போயி ஒடமரத்தடியில உக்காந்தா. ரொம்ப நேரம் உக்காந்தா. செம்பைச் சாச்சுத் தண்ணி குடிச்சா. இவன் தூரத்துல இருந்து பாத்துட்டு ஓடினான். "ஐயா, குனிஞ்சு தண்ணி குடிக்கா! ஊத்து அங்கதான்!"

தாண்டவராயன் அன்னைக்கே அந்தக் காட்டுக்காரனைப் பிடிச்சாரு. அவன், யாராவது சும்மா எடுத்துக்கிட்டாலும் போதும்னு பல வருசமா இருந்தவன். இவரு பறக்கிறதைப் பாத்து மூணு மடங்கு கேட்டான். குடுத்தாரு. கெணறு தோண்டினாரு, உப்பு. தள்ளித் தோண்டினாரு, உப்பு. இன்னும் தள்ளித் தோண்டினாரு, கருப்பட்டி போட்டாலும் குடிக்க முடியாத உப்பு. அங்கிட்டு, கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் ஐயம்பெருமாள் காட்டை வாங்கி மாடத்திக்கும் ஒரு பங்கு குடுத்திருந்தாங்க, அந்தக் கெணத்துல தண்ணி கரை தட்டுது.

தாண்டவராயன் அந்த நாட்டு ராசாகிட்ட ஓடினாரு. "மாடத்தி என்னை ஏமாத்திட்டா ராசா!"

"அது நல்ல நிலம்னு அவ சொன்னாளா?"

"சொல்லலை."

"கூட்டிட்டுப் போயிக் காட்டினாளா?"

"காட்டலை."

"பணம் வாங்கினாளா?"

"வாங்கலை. என் ஆளு பாத்தான், அவ அங்க தண்ணி குடிச்சா!"

ராசா மாடத்தியைப் பாத்தாரு. "கால் வலிச்சுச்சு, உக்காந்தேன். தாகமா இருந்துச்சு, என் செம்புத் தண்ணியைக் குடிச்சேன் ராசா. இவரு ஏன் ஆளை விட்டாருன்னு கேளுங்க"ன்னா. கேட்டாரு. தோப்புக் கதை வந்துச்சு, நல்லகண்ணு கதை வந்துச்சு. "அதுல என் வாயும் குத்தவாளிதான் ராசா"ன்னு அவளே சொன்னா.

ராசா தீர்ப்புச் சொன்னாரு: உப்புக்காடு தாண்டவராயனுக்கே. நல்லகண்ணுகிட்ட அடிச்ச பாதி வெலையைத் திருப்பிக் குடுக்கணும். தோப்புல எட்டுல ஒரு பங்கு மாடத்திக்கு. தாண்டவராயன் ரெண்டு செக்கை வித்துக் கட்டினாரு. அதுக்கப்புறம் அவரு யோசிச்சுச் சொல்லுதேன்னா ஒருத்தரும் நின்னு கேக்கலை.

மாடத்தி அந்தத் தண்ணிக் காட்டுல தன் பங்கு நிலத்துல ஒரு குடிசை போட்டு உக்காந்துட்டா. ஒரு நாள் நல்லகண்ணு அந்தப் பக்கம் வந்தாரு.

"பணம் வந்துச்சு மாடத்தி."

"ஆமா அண்ணே."

அவ எறைச்சுக் குடுத்த தண்ணியைக் குடிச்சாரு. "தண்ணி நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அவ கெணத்துக் கயிறு ஓடுற சகடையைப் பிடிச்சுக்கிட்டு அவரு போறதையே பாத்துக்கிட்டு நின்னா.

ஒருத்தரு நம்பிச் சொன்னதை, அவங்க நல்லதுக்குன்னாலும், கண்டவங்ககிட்ட கொட்டக் கூடாது. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மாடத்தி அங்க உக்காந்துட்டா, நானும் நிறுத்திட்டேன், நீ கண்ணை மூடு.