பீலிக்குக் கட்டிய வலை

கடல் சூழ்ந்த ஒரு தீவில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடமென்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கூடம், சமைக்க ஒரு குசினி, மேலே ஓடு, பக்கத்தில் ஒரு வேம்பு, அவ்வளவுதான்.

அந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் கிணறு உப்புத்தான் கரிக்கும். ஆகவே மாரியில் ஓட்டில் விழுகிற மழையைப் பிடித்து வைத்துத்தான் கோடையெல்லாம் குடிப்பார்கள். ஓட்டின் விளிம்போடு ஒரு தகர வாய்க்கால் ஓடும். அதைப் பீலி என்பார்கள். பீலியில் விழுந்த தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, மடத்துக்குப் பின்னால் இருக்கும் சீமெந்துத் தொட்டிக்குப் போகும். மடமும் சுற்றியிருந்த ஒன்பது வீடுகளும் அந்தத் தொட்டியை நம்பித்தான் இருந்தன.

மடத்தை நடத்தியவர் தையல்நாயகி அம்மா. வயது முப்பத்தொன்பது. அவரிடம் படிக்க வந்த விசுவலிங்கத்துக்கு வயது அறுபத்துநாலு. ஊர் ஊராகக் குளக்கட்டுக் கட்டி ஓய்ந்த எஞ்சினியர். மனைவி இறந்த பிறகு நெஞ்சுக்குள் ஓயாத ஓர் இரைச்சல். அதை அடக்க வழி தேடித்தான் வந்திருந்தார்.

அம்மா அவருக்குக் கண்ணை மூடித் தியானத்தில் இருக்கச் சொல்லிக் கொடுத்தார். கூடவே ஓர் ஏணியையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் கொடுத்தார்.

"பீலியும் உங்கட பொறுப்பு, ஐயா."

வேம்பு சும்மா இருக்கிற மரமா? இலை, பூ, காய், குச்சி என்று ஏதாவது ஒன்றை உதிர்த்துக்கொண்டே இருக்கும். விசுவலிங்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏணியில் ஏறி, சிரட்டையால் சுரண்டிச் சுரண்டிக் கீழே தள்ளுவார். பிறகு கை கழுவி, பாயை விரித்துக் கண்ணை மூடுவார். மூடினால் ஓட்டில் ஏதோ விழும் சத்தம் கேட்கும். அதோடு நினைப்பு மேலே ஏறிவிடும்.

எட்டு மாதம் இப்படியே போனது.

"அம்மா, எனக்கு ஒரு நாள் கூட மனம் அடங்கேல்லை," என்றார் ஒரு நாள்.

"என்ன வந்து குழப்புது?"

"சருகுதான். இருக்கிற நேரமெல்லாம் பீலி நினைப்பு. அதை அள்ளி முடிக்க ஏலாது. முடிஞ்சுதெண்டு ஏணியை எடுக்க முன்னம் அடுத்தது விழுது."

"அப்ப என்ன செய்வம்?"

"ஒரேயடியா முடிக்கிறதுக்கு ஒரு வழி வைச்சிருக்கிறன்."

"செய்து பாருங்கோ," என்றார் அம்மா.

மீன்பிடித் துறையில் பழைய சிறுகண் வலை ஒன்றை வாங்கி வந்தார் விசுவலிங்கம். அளந்தார், வெட்டினார். பீலியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்துப் போர்த்தி, சாண் ஒன்றுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு இறுக்கினார். குளக்கட்டுக் கட்டிய கை. வலை மத்தளத் தோல் போல விறைத்து நின்றது.

குடத்தோடு வந்த இராசமலர் அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன்.

"என்ன ஐயா, கூரையில மீன்படுதோ?"

"மீனில்லைத் தங்கச்சி, சருகு. இனி ஒரு இலை உள்ள போகாது."

"போகாது, சரி. வலையில பட்டதை ஆர் எடுக்கிறது?"

"காத்து எடுக்கும்."

"எங்கட துறையில வலையைப் போட்டிட்டு வீட்டை போய்ப் படுக்கிற ஆளை நான் இன்னும் காணேல்லை," என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

விசுவலிங்கம் சிரித்தார். வலை போடுகிறவன் பெண்சாதிக்கு நீரோட்டக் கணக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஏணியைக் குசினிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

அதன்பிறகு நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், மழையில்லை. அந்த வருஷ மாரி ஏமாற்றிக்கொண்டே போனது. தொட்டியில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. கார்த்திகையும் முடியப் போகிற நேரத்தில், கடலில் தாழமுக்கம் ஒன்று உருவாகி வருகிறது, இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசிப் பெருமழை என்று வானொலி சொன்னது. ஒன்பது வீடும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை, விசுவலிங்கம் பாயில் இருந்தபோது தூறத் தொடங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது.

இந்த முறை நினைப்பு மேலே ஏறவில்லை. ஏறுவதற்கு அங்கே வேலை ஒன்றும் இல்லையே. கூடத்து வாசலுக்கு எதிரே தண்ணீர் திரைபோல இறங்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தில் நெஞ்சின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிற்று. மனைவி முகம் வந்தது. வலிக்காமல் போனது. மூச்சு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

எவ்வளவு நேரமோ.

"ஐயா."

அம்மாவின் குரல். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன கேக்குது?"

"மழை, அம்மா."

"எங்க விழுது?"

"முன்னால..." என்று சொல்ல வாயெடுத்தவர் கண்ணைத் திறந்தார்.

முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, ஓடு கழுவப்பட்ட பிறகுதான் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்புவது அங்கே வழக்கம். அம்மா குழாயைத் திருப்பத்தான் பின்னால் போயிருந்தார். குழாயில் திருப்புவதற்குத் தண்ணீரே இல்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது.

நாலு கிழமைச் சருகும் வலைமேல் படுத்திருந்தது. முதல் தூறலில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, மூடிபோட்டது போல் ஆகிவிட்டது. ஓட்டுத் தண்ணீர் முழுக்க அதன்மேல் வழுக்கி முற்றத்தில் விழுந்து, வாசல் தாண்டி, ஒழுங்கையால் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

விசுவலிங்கம் பாயைவிட்டு எழுந்த வேகத்தில் கால் தடுக்கியது. ஏணியைத் தூக்கி வருவதற்குள், தெப்பமாய் நனைந்தபடி இராசமலர் வந்து நின்றாள். ஏணியின் அடியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சு அவிழுதில்லைத் தங்கச்சி."

"அவிழாது. நீங்கள் போட்ட முடிச்செல்லே." மடியிலிருந்து மீன்கத்தியை எடுத்து நீட்டினாள். "அறுங்கோ."

சாண் சாணாக அறுத்தார். கண்ணுக்குள் மழை அடித்தது. சிரட்டை கீழே எங்கோ கிடந்தது. சருகை வலையோடு சுருட்டி எறிந்துவிட்டு, உள்ளே போன வண்டலை வெறுங்கையால் வாரினார். பீலி ஒரு தடவை விக்கியது. பிறகு ஓடியது.

கலங்கல் போகும் வரைக்கும் பார்த்து நின்று, அம்மா குழாயைத் திருப்பினார். தொட்டியின் சீமெந்துச் சுவரில் தண்ணீர் இடிக்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு மழை முக்கால் மணித்தியாலம்தான் பெய்தது.

மூவரும் தொட்டி மூடியைத் தள்ளி எட்டிப் பார்த்தார்கள். இராசமலர் ஒரு தடியை விட்டு அளந்தாள்.

"பங்குனி வரைக்கும் தண்ணி காணும்," என்றாள். "பிறகு தண்ணி கொண்டுவாற பவுசர் லொறிதான். சனம் வரிசையில நிக்கும்."

"முன்வரிசையில நான் நிக்கிறன், தங்கச்சி. ஒன்பது வீட்டுக் குடமும் என்ர பொறுப்பு."

"நில்லுங்கோ. இடுப்பில குடம் வைக்கப் பழகவேணும் முதல்," என்று சொல்லி அவள் தன் கத்தியை வாங்கிக்கொண்டு போனாள்.

விசுவலிங்கம் குசினி வாசலில் குந்தினார். விரல்களில் வலை அறுத்த காயம். அம்மா ஒரு துவாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வலை சரிவராதெண்டு உங்களுக்குத் தெரியுமோ, அம்மா?"

"தெரியாது. எஞ்சினியர் கட்டினது, சரிவருமெண்டுதான் நானும் நினைச்சன்."

அவர் தலையைத் துவட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"இண்டைக்குக் காலமை எனக்கு வந்தது, இவ்வளவு நாளும் வராதது. நெஞ்சுக்குள்ள ஒரு சத்தமும் இல்லை. அவளை நினைச்சன், நோகேல்லை. அது பொய்யோ, அம்மா?"

"பொய்யெண்டு ஏன் சொல்லுவான்? நல்ல அமைதிதான்," என்றார் அம்மா. "அந்த நேரம் தொட்டியும் அப்பிடித்தான், ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது."