பனை பேசிய கடைசிச் சொல்

அந்தக் காலத்தில் பனைமரங்கள் பேசும். மட்டைகளுக்குக் கைபோல மடங்கத் தெரியும். ஏறுகிறவனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பனையிலிருந்து விழுந்து செத்தவன் என்று அந்தச் செம்மண் தேரிக்காட்டில் ஒருவனும் கிடையாது. கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? நாம்தான் கெடுத்துக்கொண்டோம்.

ஈனமுத்து பனையேறி. அவன் மனைவி பூங்கனி. பனையின் பூங்குலையான பாளையில் கட்டும் கலயங்களுக்குள் சுண்ணாம்பு தடவுவது அவள் வேலை. சுண்ணாம்பு இருந்தால் வடிவது பதநீர். காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினால் வீட்டில் சோறு. சுண்ணாம்பு இல்லாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும்.

ஒரு சாயங்காலம், உச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு கலயத்தின் சுண்ணாம்பைத் துண்டால் துடைத்துவிட்டான் ஈனமுத்து.

"என்னலே செய்யிற?" என்றது பனை.

"ஒண்ணே ஒண்ணுதான் தாயி. ஒடம்பு வலிக்கு."

பனை அதற்குமேல் கேட்கவில்லை. செல்லம் கொடுத்துவிட்டது.

ஒரு கலயம் மெல்ல மெல்ல எல்லாக் கலயமும் ஆனது. 'எல்லாம் புளிச்சுப்போச்சு' என்று வீட்டில் சொன்னான். காய்ச்சப் பதநீர் இல்லாமல் பூங்கனியின் அடுப்பு அணைந்தது. 'ஒழுங்காத்தானே தடவுனேன்' என்று அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள், பாவம்.

ஒருநாள் காலையில் ஏறியவன் இறங்கவே இல்லை. பூங்கனி மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு கலயமாக வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஆனாலும் திட்டவில்லை.

"ஏங்க, எறங்கி வாங்க. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். வந்துருங்க."

"அவ சொல்லுதால்லா. எறங்குலே," என்றது பனையும்.

"மரத்துக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே பேச்சு!" என்று கத்திய ஈனமுத்து, பாளை சீவும் அரிவாளை உருவி, தன் இடுப்பைப் பிடித்திருந்த மட்டையையே அறுத்தான்.

"பூங்கனி, தள்ளிப் போ!" என்று அலறியது பனை.

அவள் தள்ளிப் போகவில்லை. புருஷன்தான் விழுகிறான் என்று நினைத்து, பிடிப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். ரம்பப் பல் போன்ற கருக்கு நிறைந்த அந்த மட்டை அவள் கழுத்தில் இறங்கியது.

அவன் நெஞ்சு தேய மரத்தோடு சறுக்கி வந்தான். தள்ளாடி நடந்தான். அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனான்.

ஊர் கூடியது. பூங்கனிக்கு மூச்சில்லை. ஈனமுத்துவுக்கு மூச்சு இருந்தது. தண்ணீர் ஊற்றினார்கள், அறைந்தார்கள், அவள் பெயரைச் சொல்லிக் காதில் கத்தினார்கள். அவன் அசையவில்லை. பூங்கனியின் தாய் பனையைப் பார்த்துக் கேட்டாள்:

"இவனும் செத்துட்டானா?"

"சாகல. மட்டையாயிட்டான்," என்றது பனை. "ரெண்டு மட்டை கெடக்கு. ஒண்ணு எங்கிட்டேருந்து விழுந்தது. இன்னொண்ணு அவகிட்டேருந்து விழுந்தது. ரெண்டுமே இனி யாரையும் தாங்காது."

அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை. அன்று முதல்தான் பனைமட்டை யாரையும் பிடிப்பதில்லை; காய்ந்து, தானே கழன்று விழுகிறது. குடித்து நினைவில்லாமல் கிடப்பவனை 'மட்டையாயிட்டான்' என்பதும் அன்று முதல்தான். நாம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். முதலில் சொன்ன பனை சிரிக்கவில்லை.