செம்பி மறுபடி படுக்கவில்லை

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, குதிரைகள் நம்மைப் போலவே படுத்துத்தான் உறங்கின. நான்கு காலையும் நீட்டி, கழுத்தைத் தரையில் சாய்த்து, குறட்டைகூட விடும். அப்படி உறங்க அவற்றுக்கு ஒரு தைரியம் இருந்தது. காட்டு வழியில் போகிற மனிதரும் குதிரையும் எங்கே தங்கினாலும் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். அந்த முறை அதுவரை தவறியதில்லை.

மலைக்குக் கிழக்கே மூன்று வருஷமாக மழை இல்லை. ஊரே காலியான பிறகு கடைசியாகக் கிளம்பியது குருந்தனின் குடும்பம். அவன், அவன் மனைவி மாயக்காள், செம்பி என்ற பெண்குதிரை, அது ஈன்று நாற்பது நாளே ஆன குட்டி. மலைக்கு மேற்கே ஆற்றங்கரையில் மாயக்காளின் அண்ணன் இருந்தான். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நடுவில் எட்டு நாள் காடு.

மூன்றாம் நாள் மாயக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. உட்காரக்கூட முடியவில்லை. குருந்தன் கம்பளியை மடித்துச் செம்பியின் முதுகில் போட்டு, அவளைக் குப்புறக் கிடத்தி, விழாமல் துணியால் கட்டி, பிடித்தபடியே கூட நடந்தான். காலையிலும் மாலையிலும் நடை. வெயில் ஏறியதும் நான்கு கொம்பு வெட்டி நட்டு, அதன் மேல் கம்பளியை விரித்து நிழல் செய்து தங்குவார்கள். தங்கிய இடத்திலும் அவனுக்கு ஓய்வில்லை. ஈரத்துணி வைக்க வேண்டும், கஞ்சி காய்ச்சிச் சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும். உறங்கும் முறை வந்தாலும் அவன் உறங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் மூச்சு நின்றுவிடும் என்று பயந்தான்.

செம்பி அதைக் கவனித்துத் தன் உறக்கத்தில் பாதியை விட்டுக்கொடுத்து அவனோடு விழித்திருந்தது. ஆனால் அதுவும் எத்தனை நாள் தாங்கும்? முதுகில் சுமை, கூடவே பால் குடிக்கும் குட்டி. ஆறாம் நாள் அதன் முழங்கால்கள் நடுங்கின. காலையிலிருந்து குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, பால் இல்லையே என்று முனகிக்கொண்டே வந்தது.

அன்று மதியம் ஓர் ஓடைக்கரையில், மருத மரங்களுக்குக் கீழே தங்கினார்கள். கொஞ்ச நேரமாவது படுத்து எழுந்தால்தான் சாயங்காலம் குட்டிக்குப் பால் சுரக்கும் என்று செம்பி சொன்னது.

"நீ படு. நான் பாத்துக்கிறேன்" என்றான் குருந்தன்.

"உன்னால முடியுமா?"

"முடியும்."

செம்பி படுத்தது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் உடனே உறங்கிவிட்டன.

குருந்தன் கையில் தடியோடு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். தலை தொங்கியது. எழுந்து போய் ஓடையில் முகத்தைக் கழுவினான். சுற்றி வந்தான். மறுபடியும் கண் சொருகியது. செம்பியை எழுப்பிவிடலாமா என்று பக்கத்தில் போனான். நீட்டிக் கிடந்த அந்தக் கால்களையும், எலும்பு தெரிந்த விலாவையும் பார்த்ததும் மனசு வரவில்லை. இப்போதுதானே படுத்தது, இன்னும் சற்றுப் போகட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததுதான் அவனுக்குத் தெரியும்.

குட்டிக்குத் தாகம் எடுத்தது. எழுந்து தனியாக ஓடைக்குப் போனது. எதிர்க்கரைப் புதரிலிருந்து செந்நாய்கள் சத்தமில்லாமல் இறங்கின.

அதைப் பார்த்தவள் மாயக்காள் ஒருத்திதான். அவள் ஓடையைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். கூப்பிடப் பார்த்தாள், உலர்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குரல் வரவில்லை. கையைத் தூக்கிப் புருஷனைத் தட்டப் பார்த்தாள், கை எழவில்லை. திறந்திருந்த கண்கள் இரண்டும் எல்லாவற்றையும் பார்த்தன.

குட்டி ஒரே ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டது. உறக்கத்திலேயே செம்பிக்கு அது கேட்டுவிட்டது. ஆனால் காலை நீட்டிப் படுத்த குதிரை சட்டென்று எழுந்துவிட முடியாது. புரள வேண்டும், முன்கால்களை ஊன்ற வேண்டும், பிறகு பின்னுடம்பைத் தூக்க வேண்டும். அதற்குள் முடிந்துவிட்டது. செம்பி ஓடையில் பாய்ந்து ஒரு நாயை மிதித்தே கொன்றது. மற்றவை ஓடின. குட்டி தண்ணீரோரம் கிடந்தது. மூச்சு இல்லை.

குருந்தன் எழுந்து ஓடி வந்தபோது செம்பி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது.

"தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்."

அவன் அதன் காலடியில் விழுந்தான். உதைத்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது உதைக்கவில்லை.

தடியாலும் கையாலும் குழி தோண்டிக் குட்டியைப் புதைத்து, மேலே கற்களை அடுக்கினான். செம்பி ஒவ்வொரு கல்லையும் முகர்ந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் அதற்குப் பால் சுரந்தது. மடி கனத்துத் தானாகச் சொட்டியது. குருந்தன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கறந்து அவளுக்குக் குடு. குடுத்துட்டு அவளை ஏத்து. போகலாம்" என்றது செம்பி.

அந்தப் பாலைக் குடித்துத்தான் மாயக்காள் பிழைத்தாள். எட்டாம் நாள் ஆற்றங்கரை வந்தது. உடம்பு தேறி, பேச்சு வந்த பிறகு, தான் பார்த்ததை அவள் புருஷனிடம் ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பால் என்று எதையும் அவள் தொடவும் இல்லை.

குருந்தன் செம்பிக்குக் கொட்டகை போட்டான். முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினான். வாசலில் உட்கார்ந்து, "படு செம்பி, நான் முழிச்சிருக்கேன்" என்றான். உண்மையிலேயே விழித்திருந்தான். ஓர் இரவு இல்லை, ஒரு மாதத்து இரவெல்லாம். செம்பி நின்றுகொண்டே இருந்தது. அலுத்துப்போனால் ஒரு பின்காலைத் தளர்த்தி மற்றதில் பாரத்தை வைக்கும். கண் பாதி மூடும். காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் அவன் கெஞ்சினான்.

"நீ முழிச்சிருப்பே, எனக்குத் தெரியும்" என்றது செம்பி. "என் கால்தான் மடங்க மாட்டேங்குது."

மனிதரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வேலைக்குக் கூப்பிட்டால் வந்தது, ஏற்றிய சுமையைச் சுமந்தது. பேசத்தான் இல்லை. அதன் கதை காதில் விழுந்த மற்ற குதிரைகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

அடுத்த வருஷம் செம்பி இன்னொரு குட்டி ஈன்றது. ஈரம் காயாத அதன் காதருகே குனிந்து, "எழுந்திரு" என்று ஒரே சொல் சொன்னது. குட்டி விழுந்து விழுந்து எழுந்தது.

அன்று முதல்தான் குதிரைக்குட்டி பிறந்த சற்று நேரத்திலேயே நடுங்கும் கால்களை ஊன்றி நிற்கப் பார்க்கிறது. குட்டி அசந்து படுத்தால் தாய் அதன் பக்கத்தில் காவலாய் நிற்கிறது. எத்தனை பேர் காவல் இருந்தாலும், அசதி தாளாமல் எப்போதாவது சற்றே படுத்தாலும், மற்ற நேரமெல்லாம் குதிரை நின்றுகொண்டேதான் உறங்குகிறது.