இரண்டு கைப்பிடிக் கத்தி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கடைசியில இருக்கிறவங்களும் முன்னாடி வாங்க. இது கத்திக் கதைதான், ஆனா யாரையும் வெட்டாது.

மருதமேட்டை ஆண்ட சொக்கேந்திர பூபதிக்கு மீசைதான் முத்திரை. வாயால் எத்தனை சொன்னாலும் அது வெறும் பேச்சு. சொல்லிவிட்டு மீசையை ஒரு முறுக்கு முறுக்கினால்தான் உத்தரவு. அப்புறம் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது.

அவருக்கு ஒரே மகள் செண்பகவல்லி. ஏழு வயசு. மடைப்பள்ளியே கதியென்று கிடக்கும். தானே நறுக்கிய காய் என்றால் தட்டை வழித்துச் சாப்பிடும். மற்றவர் நறுக்கியதென்றால் ஓரமாக ஒதுக்கிவிடும். ஒருநாள் அரிவாள்மணையில் விரலைக் கீறிக்கொண்டது. ராஜா துடித்துப்போய், தலைமைச் சமையல்காரி சடையம்மாளைக் கூப்பிட்டார்.

"இனிமே என் மக கையில ஒரு கீறல் விழுந்தாலும் நீ வெளியே. காய் நறுக்க விடாம அவளை அழவச்சாலும் நீ வெளியே."

மீசை முறுக்கியாயிற்று. ராஜாவின் மச்சினர் விருமண்ணருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அந்த இடத்தில் தன் ஊர்ச் சமையல்காரனை உட்காரவைக்க வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

இந்தச் சடையம்மாள் வேறு யாருமில்லை, சபையில் ராஜாவைச் சிரிக்கவைக்கும் பேச்சியப்பனின் பெண்டாட்டி.

"சபையில அத்தனை வாய் பேசுறீங்களே, என் அடுப்புக்கு ஒரு வழி சொல்லுங்க. கத்தியைக் கொடுத்தா விரல் போகுது. கொடுக்கலேன்னா புள்ள அழுவுது."

"விரலைக் கிழிக்கிறது எதுன்னு நினைக்கிறே?"

"இதென்ன கேள்வி? அரிவாதான்."

"அதுபாட்டுக்கு நம்ம காலுக்குக் கீழே கிடக்குது. ரெண்டு கையையும் கொண்டுபோய் அது வாய்க்கு நேரா நீட்டுறது யாரு? நாமதானே? மாத்திப் பிடிச்சுப் பார்ப்போம்."

நேரே கொல்லன் பட்டறைக்குப் போனான். திரும்பும்போது கையில் விநோதமாக இரண்டு கத்திகள். பிறைபோல் வளைந்த இரும்பு, இரு நுனியிலும் மரக் கைப்பிடி. கூடவே குழி தோண்டிய பலகைகள். காய் அந்தக் குழியில் அசையாமல் உட்காரும். யாரும் பிடிக்க வேண்டாம்.

மறுநாள் ராஜா மடைப்பள்ளிக்கே வந்துவிட்டார். பின்னாலேயே மச்சினர். பிள்ளை வெள்ளரிக்காயை வெட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் கத்தியா? சடையம்மா, நீ இப்பவே..."

கை மீசைக்குப் போயிற்று. பேச்சியப்பன் சிரித்தபடி குறுக்கே வந்து, இன்னொரு கத்தியை நீட்டினான்.

"முறுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பிடிச்சுப் பாருங்க மகாராஜா. இந்தக் கை இங்கே. அந்தக் கை அங்கே. இனி வெட்டுப்படணும்னா மூணாவதா ஒரு கை வேணும்."

ராஜா ஓர் அழுத்து அழுத்தினார். பீர்க்கங்காய் இரண்டாயிற்று. இன்னோர் அழுத்து. அவர் முகம் மலர்ந்தது.

"அப்பா, கோணலா வெட்டுறீங்க. என்னுதைப் பாருங்க" என்றது பிள்ளை.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த காயில் இறங்கினார்.

"அத்தான், இவன் பேச்சில மயங்காதீங்க. குழந்தை கையில இரும்பைக் கொடுத்தவளை அனுப்பிடுங்க" என்றார் விருமண்ணர்.

"அனுப்பிடலாம், அனுப்பிடலாம். இந்தக் காய் முடியட்டும்."

முடிந்தது. பேச்சியப்பன் ஒரு சுரைக்காயை வைத்தான். அதுவும் முடிந்தது. வெள்ளரிக்காய் வந்தது.

"அத்தான், மீசை..."

"கை ரெண்டும் வேலையா இருக்குதே விருமண்ணா."

பேச்சியப்பன் மச்சினர் காதோடு சொன்னான்: "இதுல கை இருக்கிற வரைக்கும் நறுக்கிற புள்ளைக்கும் ஆபத்தில்லை, சமைக்கிறவளுக்கும் ஆபத்தில்லை."

ராஜாவின் காதிலும் அது விழுந்தது. ஒரு கணம் கத்தி நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என் மீசையையே கட்டிப்போட்டுட்டியேடா. சடையம்மா இருக்கட்டும். உனக்கு ஒரு கிராமமே தர்றேன். ஆனா அதுக்கும் மீசையை முறுக்கணுமே, கையை எடுக்கட்டுமா?"

பேச்சியப்பன் மச்சினரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"கிராமம் எங்கே போயிடப் போகுது மகாராஜா" என்று சொல்லி, இருந்ததிலேயே பெரிய பூசணிக்காயை அவர் பலகைக்கு உருட்டிவிட்டான்.