ரப்பர் செருப்பு

வியாசர்பாடியில் குலசேகரின் காலுக்குப் பந்து வந்தால் கூரைமேல் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். அதே அணியில் எத்திராஜ் என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்பதைவிட உட்கார்ந்திருந்தார் என்பதுதான் சரி. ஆடிய காலம் முழுக்க அவருக்கு பெஞ்சுதான்.

ஆடுகிற வயது போனதும் இருவரும் பயிற்சியாளர்களாகி வெளிநாடு போனார்கள். எத்திராஜ் மாலத்தீவில் ஒரு கிளப்புக்குக் கோப்பைமேல் கோப்பையாக வாங்கிக் கொடுத்தார். குலசேகரை மஸ்கட்டில் ஒரு கிளப் ஒரே சீசனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இப்போது கோலாலம்பூரிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. அங்கேயும் சறுக்கினால் அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான் என்பது குலசேகருக்கு நன்றாகத் தெரியும். கூச்சத்தை மென்று விழுங்கிவிட்டு, எத்திராஜைத் தேடி மாலத்தீவுக்கு விமானம் ஏறினான்.

"எனக்குத் தெரியாத ஆட்டமா எத்தி? உனக்குத் தெரிஞ்சதுல பாதி நான் சொல்லிக் குடுத்தது," என்றான் வந்ததும் வராததுமாக. "அப்புறம் ஏன் உன் டீம் ஜெயிக்குது, என் டீம் தோக்குது?"

எத்திராஜுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதானே.

"சாயங்காலம் பிராக்டீசுக்கு வா," என்றார்.

குலசேகர் தன் பழைய பூட்ஸைப் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு போனான். எத்திராஜ் மைதானத்தின் ஓரத்தில் ரப்பர் செருப்போடு நின்றிருந்தார். பாத்ரூமுக்குப் போட்டுக்கொள்கிற செருப்பு. இவ்வளவு சம்பளம் வாங்குகிறவருக்கு இதென்ன கஞ்சத்தனம் என்று குலசேகருக்குச் சிரிப்பு வந்தது.

ஷிஃபான் என்ற முன்கள வீரன் ஃப்ரீ கிக் பழகிக்கொண்டிருந்தான். எதிரே நாலு பேர் சுவர்போல் சேர்ந்து நிற்க, அவன் அடித்த பந்தெல்லாம் அவர்கள்மேல் பட்டுத் திரும்பியது. ஒரு பந்து உருண்டு நேராக எத்திராஜின் காலுக்கு வந்தது. செருப்புக் காலால் உதைக்கவா முடியும்? அவர் விலகி அதற்கு வழிவிட்டார்.

பின்னால் நின்ற குலசேகருக்குப் பொறுக்கவில்லை. பந்தை நிறுத்தினான், கொஞ்சம் பின்னால் போனான், ஓடிவந்து அடித்தான். அது அந்த நாலு பேரின் தலைக்கு மேலே வளைந்துபோய் கோலின் மேல்மூலையில் இறங்கியது.

எல்லோரும் கைதட்டினார்கள். எத்திராஜும் தட்டினார். குலசேகருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அந்தச் சத்தத்துக்கு அவன் எத்தனை நாளாக ஏங்கிக் கிடந்தான்.

ஷிஃபான் மட்டும் அதற்கப்புறம் அடிக்கவில்லை. நீங்களே அடியுங்கள் என்பதுபோல் பந்தை எடுத்துவந்து குலசேகரிடம் நீட்டினான்.

"வெள்ளிக்கிழமை மேட்ச் இருக்கு," என்றார் எத்திராஜ். "உனக்கு எந்த நம்பர் ஜெர்சி தரட்டும்?"

கேலி என்று நினைத்துக் குலசேகர் சிரித்தான். எத்திராஜ் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டம் கடைசிவரை இழுத்தது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். முடிகிற நேரத்தில் ஷிஃபானுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்தை வைத்தவன் அடிக்காமல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான்.

எத்திராஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குலசேகர், எப்படி அடிக்க வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டே எழுந்தான். எத்திராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போல் நன்றாகக் குனிந்துகொண்டார். ஷிஃபானுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய வழுக்கைத் தலைதான். இன்னொரு தடவை பார்த்தான். அப்போதும் அதே வழுக்கை.

அவன் எதிரே நிற்கிறவர்களைப் பார்த்தான். தன் ஆட்களைப் பார்த்தான். விசில் ஊதியதும், சுவராக நின்றவர்கள் மேலே பார்த்துக் குதிக்க, பந்தைத் தரையோடு இடப்பக்கம் தட்டிவிட்டான். அங்கே யாரும் கவனிக்காமல் நின்ற அவன் அணியின் பின்கள வீரன் ஓடிவந்து அதைக் கோலுக்குள் தள்ளினான்.

அரங்கமே எழுந்து நின்ற பிறகுதான் எத்திராஜ் நிமிர்ந்தார்.

"கோலா?" என்று கேட்டார்.

"நீ பாக்கவே இல்லியா?"

"இல்ல."

"செருப்பு அறுந்துபோச்சா?"

"நல்லாத்தான் இருக்கு."

மைதானத்தில் ஷிஃபானைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எத்திராஜ் அதைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்தவர்போல் நிறைவாக உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் குலசேகருக்கு அந்த மனுஷன்மேல் பொறாமை வந்தது.

"எனக்கு அது தோணியே இருக்காது," என்றான். "நான் மேலதான் அடிச்சிருப்பேன்."

எத்திராஜ் தலையாட்டினார்.

குலசேகர் தன் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை கோலாலம்பூர்ல முதல் பிராக்டீஸ். போனதும் நான் இன்னா செய்யணும், கோச்?"

கோச் என்று அவரை அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"செருப்பு போட்டுக்கினு போ," என்றார் எத்திராஜ்.