ஆள்காட்டி விலகிப்போய்க் கத்துவது ஏன்

பறவைகள் பேசுவது மனிதர்களுக்கு விளங்கிய அந்தக் காலத்தில், கடலோர உப்பளம் ஒன்றில் சாத்தி என்பவளும் அவள் மகள் கொற்றியும் உப்பு வாரிப் பிழைத்தார்கள். வரப்பில் ஒரு பறவை முட்டையிட்டிருந்தது. நாய், நரி வந்தால் கொற்றிதான் விரட்டுவாள். அதனால் அவள்மேல் அதற்கு உயிர்.

அந்த வழியாக வந்த அரசன் கொற்றியைக் கண்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். உப்பு வாரியவளைச் சபை ராணியாக ஒப்புமா? மலைநாட்டுத் தலைவன் மகள் என்று ஊருக்குச் சொல்லி, மலையரசி என்று பெயரையும் மாற்றிக் கூட்டிப்போனார்கள். உண்மை வெளியே வந்தால் அவள் பெறும் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. ஆகவே தாய் அரண்மனைப் பக்கமே வரக்கூடாது என்றான் அரசன். சாத்தியும் தலையாட்டிவிட்டாள். பெற்றவளிடம் இப்படிக் கேட்க அவனுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

இரண்டு வருடம் பொறுத்தாள். பேரன் பிறந்தான். பெயர் சூட்டும் நாளில் குடிமக்கள் வந்து பார்க்கலாம் என்று பறையறைந்தார்கள். சாத்தி ஓலைப்பெட்டியில் புது உப்பு எடுத்துக்கொண்டு போய், கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

அவள் பின்னாலேயே அந்தப் பறவையும் வந்திருந்தது. கொற்றியைக் கண்டதும் அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாத்தியின் தலைக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டு, "கொற்றி! உங்க அம்மா வந்திருக்கா, இங்க பாரு!" என்று கத்தியது.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"பறவை என்னத்தையோ கத்துது சாமி. நான் உப்பு விக்க வந்தவ" என்றாள் சாத்தி.

அமைச்சர் அவளை நம்பவில்லை. ராணியிடம் திரும்பினார். "பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லுங்கள் தேவி. இவள் யார்?"

ராணி தாயைப் பார்த்தாள். சொல்லாதே என்று சாத்தி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எனக்குத் தெரியாது."

சாத்தி உப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். மூன்றாம் நாள் அவள் உயிர் போயிற்று. உப்பளத்துக்காரர்கள் வரப்போரமாகப் புதைத்தார்கள். ராணியிடம் பறவைதான் போய்ச் சொன்னது. அவளால் வாய்விட்டு அழ முடியவில்லை. தலை முழுகவும் முடியவில்லை. மலைத் தலைவன் மகளுக்கு உப்பளத்துச் சாவில் ஏது தீட்டு?

"நான்தான் காட்டிக்கொடுத்துட்டேன்" என்று விம்மியது பறவை.

"நீ உள்ளதைத்தானே சொன்னே. பிள்ளை தலையில கைவச்சுப் பொய் சொன்னவ நான். அம்மா கிடக்கிற இடத்தையாவது யாருக்கும் காட்டிடாதே. அங்கேயும் வந்து அவளை யாருன்னு கேப்பாங்க."

மகன் பட்டத்துக்கு வந்தான். ராணியும் காலமானாள். அப்புறம் புலவர்கள் அவள் குலத்தைத் தேடிக் கிளம்பினார்கள். மலைநாட்டாள் என்றார் ஒருவர். கப்பலில் வந்தவள் என்றார் இன்னொருவர். உப்பளத்துக்காரி என்றார் மூன்றாமவர். அந்தச் சண்டை கடைசியில், ராணியின் தாயைப் புதைத்த இடத்தைத் தேடி உப்பளத்துக்கே வந்தது. அவர்கள் நெருங்கியதும் பறவை சாத்தியைப் புதைத்த மேட்டை விட்டெழுந்து, எங்கேயோ தள்ளிப்போய் நின்று கத்தியது. எல்லோரும் அங்கே ஓடித் தோண்டினார்கள். சேறுதான் வந்தது.

சபையில் ஒட்டிக்கொண்ட ஆள்காட்டி என்ற பெயர் அந்தப் பறவையை விட்டுப் போகவேயில்லை. ஆனால் அன்றிலிருந்துதான், யார் கிட்டே வந்தாலும் அது தன் முட்டையை விட்டு எட்டப் பறந்துபோய், ஒன்றுமில்லாத இடத்தில் நின்று கத்துகிறது.